மூச்சு விடும் சுவர்

"சுவர் மூச்சு விடுதா, தோழரே?" என்று கேட்டார் டாக்டர் வோந்த்ரா.

ஓவியர் ராடிம் சுவரை உற்று நோக்கினார். பிராக் நகரத்து மனநல மருத்துவமனையின் அந்த அறைக்கு ஒரே கதவு. அதுவும் வெளியே பூட்டப்பட்டிருந்தது. செவிலி லிபுஷே கொடுத்ததைக் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"விடுற மாதிரிதான் இருக்கு, டாக்டர்."

இரண்டாண்டுகளாக அவருடைய தூரிகை அசையவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படமேனும் காட்டாவிடில் ஓவியர் சங்கம் அவருடைய கலைக்கூடத்தைப் பறித்துக்கொள்ளும். காணாத வண்ணங்களைக் காட்டும் புதுமருந்தின் சோதனைக்கு ஓர் ஓவியர் வேண்டுமென்று டாக்டர் அழைத்ததும் ஓடி வந்திருந்தார்.

"அந்த மஞ்சளோட சத்தம் கேக்குதா?"

"கேக்குது... வண்டு மாதிரி!"

ராடிமின் கை தானாகவே மஞ்சளை அள்ளியது. கித்தானில் ஒரு சுவர் விலாவெலும்புகளோடு மூச்சிழுத்தது.

டாக்டரின் மடியிலிருந்த குறிப்பேட்டில் ஒரு வரியும் விழவில்லை. "இந்த அறைக்குக் கதவு இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

ராடிம் திரும்பிப் பார்த்தார், கதவு மெலிந்து சுவரோடு கரைவது போலிருந்தது.

"போதும் டாக்டர்! இதுக்குள்ளேயே மாட்டிக்கிட்டா என்ன பண்றது? திறக்கச் சொல்லுங்க!"

"ஆறு மணிக்கு முன்னாடி யார் கத்தினாலும் திறக்கக் கூடாதுன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேனே!" டாக்டர் சிரித்தார், சிரிப்பு நிற்கவேயில்லை. "வரையுங்க, வரையுங்க!"

வேறு போக்கிடம் இல்லை. சிறைப்பட்டவன் சுவரைச் சுரண்டுவது போல் ராடிம் வரைந்துகொண்டேயிருந்தார்.

ஆறு மணிக்குப் பூட்டுத் திறந்தது. உள்ளே வந்த லிபுஷே கித்தானை ஏற இறங்கப் பார்த்தார்.

"கலைக்கூடம் தப்பிச்சுது. ஆனா நான் தப்பலையே, அம்மா!" என்றார் ராடிம். "இனி அந்த மருந்து இல்லாம ஒரு கோடு வராது. வாரா வாரம் இங்கே வந்து அடைபடணும்."

லிபுஷே அவரைக் கடந்துசென்று, டாக்டரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"நீங்க ஏன் அடைபடணும்? நோயாளிக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி டாக்டரே குடிச்சுப் பார்க்கணும்னு இங்கே விதி. அவர் கண்ணுக்குத் தெரியுறத வரையத்தானே உங்களைக் கூப்பிட்டாங்க? சொல்லலையா?"

"அப்போ... நான் குடிச்சது?"

"ராஸ்பெர்ரி சர்பத்து."