வெள்ளை வழி

கவச வண்டியின் மூடிகளைச் சாத்தியாகிவிட்டது. மங்கோலியாவின் சின்னப் படையில் எதையும் கழித்துக்கட்டுவதில்லை. அப்பா ஓட்டிய வண்டியையே இன்று சோய்ஜில் ஓட்டுகிறான். முழங்கால் நெஞ்சில் இடிக்கும் அந்த இருக்கையில் அவனுக்கு வெளியுலகம் என்பது உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றுதான். அதில் பனிவெளி தெரிகிறது, பால்வாளியும் மரக்கரண்டியுமாக அம்மா நடந்து வருகிறாள். ஓராண்டு எல்லைக் காவலுக்குப் போகிற மகனின் வழி வெள்ளையாக இருக்கட்டும் என்று பால் தெளிக்க வருகிறாள். சால்வைக்குள் முகம் தெரியவில்லை. அவன் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொள்கிறான். கிட்டே வந்ததும் அவள் சால்வையை விலக்கக் கை தூக்குகிறாள். அதற்குள் மறு கை கரண்டியை வீசிவிடுகிறது. கண்ணாடியில் தெறித்த பால் வழிவதற்குள் உறைகிறது. எல்லாம் வெள்ளை.

“அண்ணே, மூடியத் தெறக்கட்டுமா? தொடச்சிட்டு உடனே வந்துடறேன்.”

“தொடைக்கவா, அம்மா மடியில உக்காரவா?” பின்னாலிருந்து சார்ஜென்ட் தம்தின் சிரிக்கிறார். “வழிக்குத் தெளிச்ச பாலத் தொடச்சிட்டுப் போனவன் திரும்பி வருவானாடா? என் பக்கத்துக் கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. நான் வழி சொல்றேன், நீ ஓட்டு.”

வண்டி உறுமி நகர்கிறது. சோய்ஜில் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“அண்ணே, அம்மா அழறாளா?”

தம்தின் சிரிப்பு நின்றுவிடுகிறது.

“நேராப் போ,” என்கிறார்.