சுத்தம் சாரின் வயிறு

"இந்த ஆளை இப்பவே வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா நாங்க போலீசுக்குப் போவோம்!"

லாட்ஜ் வரவேற்பறையில் நின்று கத்தியவர் சுத்தம் சார். சுற்றுலா வந்த கூட்டம் அவருக்கு வைத்த பெயர் அது. கத்திவிட்டு அவசரமாகக் கழிவறைக்கு ஓடினார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"பஸ்ல வந்த அத்தனை பேருக்கும் வயித்தால போகுது. சமைச்சவர் மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சமையல்காரர் கையைப் பிசைந்தார். "கொதிக்க வைக்காத தண்ணியை நான் தொடறதே இல்ல சார். இந்த வேலையை நம்பித்தான் என் குடும்பமே இருக்கு."

"நடிக்காதீங்க!"

மேனேஜர் பாவம், என்ன செய்வார்? "பையை எடுத்துக்கோங்கண்ணே" என்றார், தரையைப் பார்த்தபடி.

அதற்குள் அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு டாக்டர் வந்தார்.

"பாக்டீரியா வேலைதான். பெரும்பாலும் ஈ. கோலையா இருக்கும். இந்த ஊர்க் குழாய்த் தண்ணியில உண்டு. உள்ளூர்க்காரங்களுக்குப் பழகிப்போச்சு. வெளியூர் வயித்தை ஒரு வழி பண்ணிடும். குழாய்த் தண்ணி பட்ட எதையாவது பச்சையா சாப்பிட்டீங்களா?"

"நாங்களா? சான்ஸே இல்ல!" சுத்தம் சார் நெஞ்சை நிமிர்த்தினார். வயிறு ஒத்துழைக்காததால் பாதியிலேயே மடங்கினார்.

"நேத்து இவர் பழம் நறுக்கி வச்சார். வெந்நீர்ல கழுவினாராம், யார் கண்டா? நானே தட்டோட குழாயடிக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு துண்டையும் தேய்ச்சுக் கழுவி, என் கையாலதான் எல்லாருக்கும் கொடுத்தேன்!"

மேனேஜர் சமையல்காரர் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சுத்தம் சாருக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. திரும்பிப் பார்த்தார். மூலை நாற்காலியில் அவர் மனைவி தெம்பாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"நான் பழம் சாப்பிடலைங்க."

"ஏன்?"

"நீங்க கழுவினதைப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. 'உனக்கு என்ன தெரியும்'னு கேட்டீங்க. ஒண்ணும் தெரியாதவளுக்குப் பழம் எதுக்குன்னு விட்டுட்டேன்."