பங்குப் பேப்பர் தொலைந்த கதை

"பங்குப் பேப்பர் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தாப் போதும் அத்தை. புதுசு தருவாங்க."

மருமகன் சசி சொன்னதும் இலட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அது எங்கய்யா தொலைஞ்சுச்சு? பாறூக் முதலாளிக்கு நான்தானே வித்தேன்?"

"வித்தப்ப எங்கயாச்சும் கையெழுத்து வச்சீங்களா?"

"இல்லையே. பேப்பரைக் குடுத்தேன், காசை வாங்கினேன்."

"அப்ப கம்பெனிப் புத்தகத்துல இன்னும் உங்க பேருதான். கையெழுத்து வாங்காம விட்டது அந்தாளோட மடத்தனம்."

தேயிலைத் தோட்டம் கம்பெனி கைக்குப் போனபோது, தொழிலாளிகளுக்கெல்லாம் இனாமாக வந்த பங்கு அது. புருஷன் செத்த வருஷம் கருமாதிக்குக் கையில் சல்லிக்காசு இல்லை. தெரணியகலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாறூக்கிடம் கொண்டுபோய் நீட்டினாள். மூவாயிரம் தந்தார்.

சசி விடவில்லை. "நாட்டுல சண்டை நின்னதுல பங்கெல்லாம் ஏறிக் கிடக்கு. இப்ப வித்தா பதினஞ்சாயிரம். நாளைக்கே விழுந்தாலும் விழும். யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

"பாவமில்லையாய்யா?"

"எழவு வீட்டுக்காரிகிட்ட அடிமாட்டு விலைக்கு வாங்கினாரே, அவருக்கு இல்லாத பாவம் உங்களுக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு?"

அந்தப் பேச்சு சுருக்கென்று உறைத்துவிட்டது. வயசு முடிந்து, தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் அவள் பேரை வெட்ட இன்னும் இரண்டே வாரம். அப்புறம் கொழுந்தும் இல்லை, சம்பளமும் இல்லை. ஈ.பி.எப். காசு வந்தாலும் மகள் கலியாணக் கடனுக்கே சரி. ஒரு வாய் வெற்றிலைக்கும் மருமகன் கையைப் பார்த்து நிற்கிற பிழைப்பு அவளால் ஆகாது.

மறுநாளே பஸ் ஏறித் தெரணியகலைக்குப் போனாள். பாறூக் கடையைத் தாண்டும்போது முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தொலைந்ததாக எழுதிய கடிதத்தில் சாட்சியாகச் சீல் குத்த வேண்டியவர் சமாதான நீதவான், ஜே.பி. வேலுசாமி. வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர். சசி எழுதித் தந்த தாளை ஒருதரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் படித்தார்.

"எப்பம்மா தொலைஞ்சுச்சு?"

"போன மழையில ஐயா. கூரை ஒழுகி எல்லாம் நாசமாப் போச்சு."

"நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

"லயத்து வீட்டையே பொரட்டிப் பாத்துட்டேன் ஐயா. சாமி சத்தியமா!"

வேலுசாமி மேசை லாச்சியை இழுத்தார். நாலாக மடித்த பேப்பர் ஒன்றை எடுத்து அவள் முன்னால் விரித்தார். அவள் பேர். அவள் செக்ரோல் நம்பர்.

"பாறூக் முதலாளி அடுத்த வாரம் ஹஜ்ஜுக்குப் போறாரு. அடுத்தவங்க பொருளை வீட்டுல வச்சுட்டுப் போகக்கூடாதுன்னு நேத்துத்தான் குடுத்துட்டுப் போனாரு."

இலட்சுமி பேப்பரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"'எழவு வீடு, சும்மா குடுத்தா அந்தம்மா வாங்காது. அதான் பேப்பரை வாங்கி வச்சேன். என் பேருக்கு எழுதி வாங்க மனசு வரல. பேர் வெட்டுற நேரத்துல குடுத்துடுங்க, வயசான காலத்துக்கு ஆகும்'னாரு. பேப்பர் கைக்குக் கிடைச்சுதுன்னு நீங்க இந்த ரசீதுல ஒரு கையெழுத்து வைக்கணும்."

ரசீதையும் சசி எழுதித் தந்த தாளையும் அருகருகே வைத்து, பேனாவை அவளிடம் நீட்டினார் வேலுசாமி.

"கிடைச்சுதுன்னு வைக்கிறீங்களாம்மா, தொலைஞ்சுதுன்னு வைக்கிறீங்களா?"