மூணு வாய்

"குடை வாங்க வக்கில்ல, நீ முன்னால நின்னு கொடி பிடிக்கணுமாக்கும்?"

"பிடிப்பேன்யா. உனக்கு எங்க எரியுது?"

பினாங்கு துறைமுகத்துக்குப் பக்கத்துல ராவுத்தர் டீக்கடை. நாப்பத்தெட்டாம் வருஷம். மூட்டை தூக்குறவங்க சங்கத்து ஊர்வலத்துல யாரு முன்னால போறதுன்னு சந்தியாகுவுக்கும் செவத்தையாவுக்கும் சண்டை.

ஓரத்து பெஞ்சில ஒருத்தரு உக்காந்திருந்தாரு. காதைத் தீட்டிக்கிட்டு.

அதுதான் அவரு வேலை. ஒரு வெளிநாட்டுக் கான்சல் ஆபீஸ்ல மொழிபெயர்ப்பாளர். பெரிய யுத்தம் இப்பத்தான் முடிஞ்சிருந்துச்சு. அடுத்தது எங்கேருந்து கிளம்பும்னு தொரைமாரெல்லாம் மோப்பம் பிடிச்சுக்கிட்டிருந்த நேரம். நம்மாளுங்க என்ன பேசிக்கிறாங்கன்னு கேட்டு அவரு எழுதிக் குடுக்கணும். கான்சல் தொரை அதைத் தன் நாட்டுக்குத் தந்தி அடிப்பாரு.

கடையில இது யாருக்கும் தெரியாது. அவங்களுக்கு அவரு ஆபீஸ் அண்ணன். அவ்வளவுதான்.

"போலீஸ்காரன் தடியெடுத்தா கொடியப் போட்டுட்டு ஓடுற ஆளுதான நீ" அப்படின்னான் சந்தியாகு.

"நானா ஓடுவேன்? என் வீட்டுப் பரண்ல ஒரு வண்டி துப்பாக்கி வச்சிருக்கேன்டா!"

கடைக்குள்ள வடை போட்டுக்கிட்டிருந்தா செவத்தையா பொண்டாட்டி சிட்டம்மா. திரும்பிக்கூடப் பாக்கல.

"ஆமா ஆமா. நேத்து ரசத்தையே அதுலதான் தாளிச்சேன்."

கடையே சிரிச்சுது. சந்தியாகுவுக்குப் பொரையேறி டீ மூக்கு வழியா வந்துச்சு. அவரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு.

ஆபீசுக்குப் போயி எழுதினாரு. ஊர்வலத்துல யாரு முந்திங்கிற சண்டை, வேற ஒண்ணுமில்லன்னு.

துப்பாக்கிய எழுதல. கிண்டலையெல்லாமா எழுதுவாங்க?

ஆனா சாயங்காலம் ஆபீஸ் சமையக்கட்டுல காப்பி குடிக்கும்போது, சமையல்காரர் குட்டன் நாயர்கிட்ட சொன்னாரு. சிட்டம்மா கரண்டியத் திருப்புனதை நடிச்சே காட்டினாரு. நாயர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாரு.

நாயரோட மச்சானுக்கு ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுல சமையல் வேலை.

அந்த அதிகாரியும் நம்ம தொரையும் கிளப்புல ஒண்ணா சீட்டாடுறவங்க.

மறுவாரம் தொரை கூப்பிட்டாரு. ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தாரு. டப்பா வெண்ணெய், கப்பல்ல வந்தது. சன்னலுக்கு வெளிய அரிசிக்கு வரிசை நின்னுச்சு.

"செவத்தையான்னு ஒருத்தன் துப்பாக்கி வச்சிருக்கானாமே. போலீஸ்ல சொல்றாங்க. அவன் அப்படிச் சொன்னதை நீ கேட்டியா?"

"கேட்டேன் சார். ஆனா அது..."

பேனா ஓட ஆரம்பிச்சிருச்சு.

"ஒரு வாய் சொன்னா அது வதந்தி. ரெண்டு வாய் சொன்னா உறுதி. எங்க வேலையில அதான் வழக்கம். போலீஸ் ஒண்ணு, நீ ஒண்ணு."

"சார், போலீஸுக்குப் போனதே என் வாய்லேருந்துதான் சார். நம்ம சமையல்காரர்கிட்ட நான்தான் வெளையாட்டா சொன்னேன். அவரு மச்சான் மூலமா போயிருக்கு. அந்தக் கடையே சிரிச்சுது சார். எல்லாம் ஒரே பேச்சுதான்."

தொரை யோசிச்சாரு. மீசையில ஒட்டியிருந்த வெண்ணெய நாக்கை நீட்டி நக்கினாரு.

"அப்ப சமையல்காரனோட சேத்து மூணு."

தந்தி போச்சு. அதுல ஒரு பிரதி மரியாதைக்குப் போலீஸ் அதிகாரிக்கும் போச்சு. அதுவரைக்கும் சந்தேகமா இருந்த அந்த அதிகாரிக்கும் இப்ப உறுதியாயிருச்சு.

செவத்தையாவப் பிடிச்சுட்டாங்க.

வீட்டையும் போயி பாத்தாங்க. லைன் வீடு. ஒரே ரூம்பு, தகரக் கூரை. அதுல பரணே கிடையாது.

அதைப் பத்தி அடுத்த தந்திய அவருதான் டைப் அடிச்சாரு. தொரை சொல்லச் சொல்ல அடிச்சாரு. 'ஆயுதங்கள் முன்கூட்டியே வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளன.'

விரல் நின்னுபோச்சு.

"ஏன் நிறுத்திட்ட?"

அடிச்சாரு.

முடிச்சதும் தொரை ஒரு டப்பா வெண்ணெயத் தூக்கி அவரு கையில வச்சாரு. நல்ல வேலையாம். வெளிய வந்தாரு. கையெல்லாம் அந்த வாடை. மண்ணள்ளித் தேச்சும் போகல.

சந்தியாகு ஸ்டேஷன் வாசல்லயே கெடந்தான். "வெளையாட்டுக்குச் சொன்னான்யா, கொடிய அவனே பிடிச்சுக்கட்டும்யா"ன்னு போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் சொன்னான். உன்னையும் உள்ள வைக்கணுமான்னு கேட்டு வெரட்டி விட்டாங்க.

வெள்ளிக்கிழமை கப்பல். செவத்தையாவ ஊருக்கு அனுப்புறாங்களாம்.

எந்த ஊருக்கு? அவன் பொறந்ததே இங்க ஒரு ரப்பர் தோட்டத்துல. நாகப்பட்டணம்னு கேள்விப்பட்டிருக்கான்.

வியாழக்கிழமை அவரு கடைக்குப் போனாரு. போகாம இருந்தா சந்தேகம் வரும்னு போனாரா, சும்மாதான் போனாரா, அவருக்கே தெரியல.

யாரும் சண்டைகூடப் போடல. ராவுத்தர் டீயக் கொண்டாந்து வச்சாரு.

சிட்டம்மா மாவுக் கையோட வந்து பக்கத்துல நின்னா.

"அண்ணே, அன்னிக்கி நீங்களும்தான இருந்தீங்க. நான் சொன்னதுக்கு நீங்கதான் ரொம்பச் சிரிச்சீங்க. இருந்தது பூரா நம்மாளுங்கதானண்ணே?"

அவரு டீயில ஆடை படியிறதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"யாருண்ணே போய்ச் சொல்லியிருப்பாங்க?"

அவ நிக்கிறா. கையில மாவு காயுது.

அவரு என்ன சொல்லணும்? எனக்கு இதுக்கு மேல எழுத வரலங்க. நீங்க அந்த பெஞ்சில இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? கீழ எழுதுங்க.