மூன்றாவது ஆள்

வீரபாண்டி எக்ஸ்போர்ட் கம்பெனியின் மூன்றாம் மாடிக் கண்ணாடியில் ஜெயபாண்டிக்குத் தெரிந்ததெல்லாம் ஜெயபாண்டிதான்.

பாழாய்ப்போன கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்க்கலாம். வெளியே தொங்குகிறவன் தன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

கயிற்றில் ஆடியபடியே சோப்புத் தண்ணீரை வைப்பரால் வழித்தான். இந்த மாடியில் எங்கேயோதான் நதியாவின் மேஜை. நிமிர்ந்து பார்க்கிறாளா, இல்லை கம்ப்யூட்டரிலேயே கண்ணை நட்டிருக்கிறாளா? துடைத்த இடத்தையே நாலாவது தடவையாகத் துடைத்தான்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. இந்தக் கயிற்றுத் தொழில் வேண்டாம், பழையபடி பனியன் கம்பெனிக்கே போங்கள் என்றாள். இவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"நான் விழுந்தா உனக்கென்ன? அதைக் கேக்க நீ யாரு?"

விருதுநகரிலிருந்து இவனை நம்பி பஸ் ஏறி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? மறுநாள் காலையிலேயே அருள்புரத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போன் எடுப்பதில்லை.

ஜெயபாண்டியும் நாலு மாதம் வீம்பாக இருந்து பார்த்தான். அப்புறம் ஒரு ஆளுக்குப் பொங்கிய சோறு தொண்டையில் இறங்கவில்லை. திரும்பி வராவிட்டாலும் போகிறது, ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அதனால்தான் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்குக் கண்ணாடி துடைக்க ஆள் வேண்டுமென்று காதில் விழுந்ததும் ஓடி வந்தான். தனியாளாகத் தொழில் செய்கிறவன் என்றால் இன்சூரன்ஸ் பேப்பர் இல்லாமல் கயிறு கட்ட விடமாட்டோம் என்றார்கள்.

ஏஜென்ட் ஆறுச்சாமி பொறுமையாகத்தான் விளக்கினார்.

"நீங்க உழுந்தா உங்களுக்கு ஒண்ணும் வராதுங்க. உங்க வாளி உழுந்து மூணாவது ஆளுக்கு அடிபட்டா, அவிங்களுக்குத்தான் வரும். பொண்டாட்டி புள்ளைங்க மூணாவது ஆளுல சேத்தி இல்லீங்க."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. வேலை நடக்கும் இடத்தில் உங்கள் குடும்பத்தார் எவரேனும் உண்டா?

ஜெயபாண்டி பேனாவைத் திறந்தான். உண்டு என்று எழுத எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எழுதுவான்? நீ யாரு என்று கேட்ட வாய் அல்லவா?

'இல்லை' என்று எழுதினான். அந்த மூன்று எழுத்தும் கோணல்மாணலாக விழுந்தன.

கீழேயிருந்து விசில் சத்தம் கேட்டது. கம்பெனி மேனேஜர் பிரபாகர் இறங்கி வரச் சொல்லிக் கையைக் காட்டினார். வாளி நுரை சிந்த, ஜெயபாண்டி தரைக்கு வந்தான்.

அவர் கையில் ஒரு பட்டியல். வெளிநாட்டு ஆடிட்டுக்குப் பயந்த கம்பெனி அது, தும்மினாலும் கையெழுத்து வாங்கிவிடும். கண்ணாடி ஓரம் உட்காருகிறவர்கள் எல்லோரும், 'வெளியே வேலை நடப்பது தெரியும், நான் மூன்றாவது ஆள்' என்று காலையில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஏனுங்க, உங்க பாலிசியை மாத்தோணும் போல இருக்குதுங்களே," என்று பட்டியலை நீட்டினார்.

பதினாலு பெயர். பதின்மூன்று கையெழுத்து.

ஏழாவது கட்டத்தில் 'மூன்றாவது ஆள்' என்பதை யாரோ அழுத்தமாக அடித்துவிட்டு, பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். யாரோவா? மளிகைச் சீட்டில் எத்தனை தடவை பார்த்த எழுத்து அது! ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தான்.

'நீ யாரு என்று கேட்டார். மனைவி.'

அதற்குக் கீழே, அவசரமாகக் கிறுக்கிய இன்னொரு வரி.

'இடுப்பு பெல்ட்டை இறுக்கிப் போடச் சொல்லுங்கள்.'

ஜெயபாண்டி இடுப்பைத் தடவிப் பார்த்தான். பெல்ட் ஒரு துளை தளர்ந்துதான் இருந்தது.