நட்சத்திரக் குறி

“நட்சத்திரத்தைக் காணோமே, ஏம்மா?”

ஆய்வு நெறியாளர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கேயும் இல்லை.

எதிரே நின்றவள் அவருடைய ஆய்வு மாணவி. ஆறு வருடமாக அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். சேர்ந்தபோது தொட்டிலில் கிடந்த மகள் இப்போது கடன் வாங்கிக் கழித்தல் கணக்குப் போடுகிறாள். இந்த மாதத்தோடு பதிவு முடிகிறது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆறு வருடமும் போச்சு.

ஆய்வின் பொருள், நெறியாளரே கண்டுபிடித்த ‘ஏழடுக்கு ஆனந்தக் கற்பித்தல் முறை’. ஒரு பள்ளியில் நாற்பது நாற்பது பேராக இரண்டு வகுப்புகள். ஒன்று புது முறைக்கு, மற்றது பழைய முறைக்கு. இரண்டின் கணக்குத் தேர்வுச் சராசரியையும் டி-டெஸ்ட்டில் போட்டால், வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று அது சொல்லும். நிஜமென்றால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். புது முறை வகுப்பு ஐம்பத்திரண்டு, பழைய முறை வகுப்பு ஐம்பத்தொன்றரை. குறி விழவில்லை.

“சார், இது வந்து...” என்று அவள் ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

“என் முறையில தப்பு இருக்காது. பசங்கள்லதான் இருக்கும். லிஸ்ட்டை எடு.”

புது முறை வகுப்பில் பதினெட்டு மார்க் வாங்கியவன் பெயரை முதலில் அடித்தார். அவனுக்கு ஆனந்தப்படும் மனநிலையே இல்லையாம். அதே குறை இன்னும் மூன்று பேருக்கும் இருந்தது. பழைய முறை வகுப்பில் தொண்ணூறு வாங்கிய பெண்ணின் அம்மா கணக்கு டீச்சர். அது வெளிச்செல்வாக்கு, அவளும் போனாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குற்றத்துக்காக மூன்று பேர் போனார்கள். இந்த வேலைக்குத் தரவுச் சுத்திகரிப்பு என்று பெயர்.

நடுவில் அவள் இரண்டு முறை வாயெடுத்தாள். முதலில் நட்சத்திரம், அப்புறம் பேச்சு என்றுவிட்டார்.

எட்டாவது பெயரை அடித்ததும் நட்சத்திரம் விழுந்தது.

நெறியாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அடுத்த வாரக் கருத்தரங்கில் இதை அறிவிக்கப் போவதாகவும், எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகச் சொல்லிக் கல்வித்துறைக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். பிறகு ஆய்வு முடிந்ததற்கான சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே தன் பட்டங்களை ஒவ்வொன்றாக எழுதினார். அதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

“இப்ப சொல்லும்மா. என்னமோ சொல்ல வந்தியே?”

அவள் கையெழுத்தைப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை.

“ஒண்ணுமில்ல சார்.”

வராந்தாவுக்கு வந்ததும் போன் அடித்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை.

“ரெண்டு வகுப்பும் ஒரே தரம்தான்னு முன்தேர்வுல தெரிஞ்சிடுச்சுல்ல? திங்கக்கிழமை உங்க சாரோட முறையை நடத்த ஆரம்பிச்சுடலாமா?”

“வேணாங்க டீச்சர்,” என்றாள் அவள். “அது ஜெயிச்சிடுச்சு.”