நாணயம் விழும் நேரம்

துப்பாக்கிக் குழலின் நுனியில் ஏட்டு சிங்காரம் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். உள்ளே குண்டு இல்லை. விசையை அழுத்தும்போது நாணயம் விழுந்தால், சுடுபவள் பயந்து துள்ளுகிறாள் என்று அர்த்தம். மாலைத் தேர்விலும் தவறினால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பதால், பூங்கோதை மூச்சை அடக்கிப் படுத்திருந்தாள்.

“சுடு!” என்று காதருகே கத்தினார். நாணயம் விழுந்தது.

“வெடிக்காத துப்பாக்கிக்கே இந்தத் துள்ளு துள்றியே, வெடிச்சா ஊருக்கே பஸ் ஏறிருவியா?”

பன்னிரண்டு முறை விழுந்தது. அவர் சலித்துப்போய்த் தண்ணீர் குடிக்கப் போனார். அவள் தானே நாணயத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். விழவில்லை. மறுபடியும் அழுத்தினாள். அசையவே இல்லை.

திரும்பி வந்தவர், “சுடு!” என்று கத்தினார். விழுந்தது.

“ஐயா, நான் துப்பாக்கிக்குத் துள்ளல. உங்க சத்தத்துக்குத்தான் துள்றேன்.”

பக்கத்தில் படுத்திருந்த பெண்கள் முகத்தை மண்ணில் புதைத்துச் சிரித்தார்கள். ஏட்டு கத்துவதற்கு வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். துப்பாக்கியில் நிஜக் குண்டுகளை நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு கையால் தன் வாயைப் பொத்தியபடி, தடியின் நுனியால் அவள் பூட்ஸை லேசாகத் தொட்டார்.

அவள் அழுத்தினாள். தோளில் உதைத்தது. இத்தனை நாளில் முதன்முறையாக அவளுக்குத் துப்பாக்கியின் சத்தம் கேட்டது.